காலையில் பல் எடுத்து, சாயங்காலம் புதுப் பல்: ‘ஒரே நாள் இம்ப்ளான்ட்’ யாருக்குச் சரிவரும்?

‘எடுத்த அன்றைக்கே புதுப் பல்’, ‘ஒரே சிட்டிங்’, ‘மாசக்கணக்கா காத்திருக்க வேண்டாம்’. பல் வலி பற்றி செல்போனில் ஒருமுறை தேடிப் பார்த்தால் போதும், அடுத்த ஒரு வாரத்துக்கு இந்த ரீல்ஸ்தான் வரிசையாக வரும். லீவு கிடைக்காத ஐ.டி. ஊழியர், அடுத்த மாதம் ஆன்சைட் கிளம்ப வேண்டியவர், கல்யாணத் தேதி குறித்துவிட்டு பைக்கில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டவர் என எல்லோருக்கும் இது கடவுளே அனுப்பிய விளம்பரம் மாதிரித்தான் தெரியும்.

இது ஏமாற்று வேலையா என்றால், இல்லை. பல்லை எடுத்த குழியிலேயே, அதே அமர்வில் இம்ப்ளான்ட்டைப் பொருத்துவது உலகம் முழுக்கப் பல ஆண்டுகளாக நடக்கும், ஆய்வுகள் ஏற்றுக்கொண்ட சிகிச்சை முறை. சரியான ஆளுக்கு, சரியான பல்லில், சரியான கையால் செய்தால் அருமையாக வரும். சிக்கல் எங்கே என்றால், அந்த ‘சரியான’ என்ற மூன்று சொற்களும் விளம்பரத்தில் இருப்பதில்லை.

‘ஒரே நாள்’ என்பதில் எது ஒரே நாள்?

இம்ப்ளான்ட் என்பது ஒரே பொருள் அல்ல, மூன்று பாகம். தாடை எலும்புக்குள் இறங்கும் டைட்டானியம் திருகு ஒன்று. அதன் தலையில் பொருத்தும் இணைப்புத் துண்டு, அதாவது அபட்மென்ட், இன்னொன்று. அதற்கு மேலே கண்ணுக்குத் தெரியும் பல், நம் ஊர் பாஷையில் ‘கேப்’, மூன்றாவது.

பல்லை எடுத்த உடனே வைக்கப்படுவது முதல் பாகமான திருகு. அன்றைக்கே மேலே ஒரு பல்லையும் மாட்டுவது வேறொரு முடிவு. இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுவதில்தான் பாதிக் குழப்பம். திருகை அன்றே வைத்துவிட்டு, பல் எதுவும் மாட்டாமல் மூடி வைப்பதும் ‘உடனடி இம்ப்ளான்ட்’தான். மேலே பல் மாட்டினாலும் அது பெரும்பாலும் தற்காலிகப் பல். எதிர்ப் பல்லோடு மோதாதபடி கொஞ்சம் குட்டையாகத் தேய்த்து வைத்திருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், சிரிக்கலாம், ஜூம் மீட்டிங்கில் உட்காரலாம். முறுக்கு கடிக்க முடியாது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை எந்த விளம்பரத்தாலும் வேகப்படுத்த முடியாது. எலும்பு வளர்ந்து டைட்டானியத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். திருகை எந்த நாளில் வைத்தாலும் இதற்குச் சில மாதங்கள் ஆகும். நிரந்தர கேப் பொதுவாக அதற்குப் பிறகுதான். ஆக, ‘ஒரே நாள்’ முறையில் மிச்சமாவது ஓர் அறுவை சிகிச்சையும், திருகு வைப்பதற்கு முன்னால் குழி ஆறக் காத்திருக்கும் சில மாதங்களும். பின்னால் இருக்கும் காத்திருப்பு அப்படியேதான் இருக்கிறது.

ஆரம்பத்தில் ஏன் காத்திருக்கச் சொன்னார்கள்?

எலும்பும் டைட்டானியமும் இப்படி ஒட்டும் என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க் 1952-ல் முயல்களின் எலும்பில் ஆராய்ச்சி செய்தபோது தற்செயலாகக் கவனித்தார். உள்ளே பொருத்திய டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தார், வரவில்லை. 1965-ல் முதல் நோயாளிக்குப் பல் இம்ப்ளான்ட் வைத்தார். அவர் வகுத்த முறை மிகப் பொறுமையானது: பல் எடுத்த இடம் பல மாதங்கள் முழுதாக ஆற வேண்டும். பிறகு திருகை வைத்து ஈறுக்குள் மூட வேண்டும். கீழ்த்தாடையில் சுமார் 3 மாதம், மேல்தாடையில் சுமார் 6 மாதம் கழித்துத்தான் பல் மாட்ட வேண்டும்.

இவ்வளவு காத்திருப்பு தேவையா என்ற கேள்வியும் சீக்கிரமே எழுந்தது. 1970-களிலேயே ஜெர்மனியின் டியூபிங்கனில் வில்ஃப்ரீட் ஷுல்ட்டே, பல் எடுத்த குழியில் நேரடியாக வைக்கும் பீங்கான் இம்ப்ளான்ட்டை உருவாக்கிவிட்டார். அதனால் ‘லேட்டஸ்ட் டெக்னாலஜி’ என்று யாராவது சொன்னால் லேசாகச் சிரித்துக்கொள்ளலாம். யோசனைக்கு ஐம்பது வயது ஆகிறது. புதிதாக வந்தவை முப்பரிமாண ஸ்கேன், நன்றாகப் பிடிக்கும் திருகு வடிவங்கள், எலும்பு ஒட்டுவதற்கு உதவும் சொரசொரப்பான மேற்பரப்பு ஆகியவை.

இப்போது மருத்துவர்கள் நேரத்தை நான்காகப் பிரிக்கிறார்கள். பல் எடுத்த அன்றே வைப்பது முதல் வகை. ஈறு மூடியபின், 4 முதல் 8 வாரத்தில் வைப்பது இரண்டாவது. குழிக்குள் ஓரளவு எலும்பு வளர்ந்தபின், 12 முதல் 16 வாரத்தில் வைப்பது மூன்றாவது. முழுதாக ஆறியபின், 6 மாதத்துக்கு மேல் வைப்பது நான்காவது. நான்குமே இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கும் முறைகள். இரண்டாவது வகை விளம்பரங்களில் வருவதே இல்லை. ஆனால் முன்பல்லில் சந்தேகம் வரும்போது பல அனுபவசாலிகள் அங்கேதான் போய் நிற்கிறார்கள்.

விஷயமே அந்த மெல்லிய சுவரில்தான்

கண்ணாடி முன் நின்று மேல் முன்பல்லுக்கு மேலே ஈறைத் தடவிப் பாருங்கள். வேரின் மேடு கைக்குத் தட்டுப்படும். அந்த வேருக்கும் உங்கள் விரலுக்கும் நடுவே இருப்பது ஈறும், அதன் உள்ளே ஒரு மெல்லிய எலும்புத் தகடும். பெரும்பாலானவர்களுக்கு மேல் முன்பற்களில் இந்தத் தகடு 1 மில்லிமீட்டர்கூட இருப்பதில்லை.

இந்தத் தகட்டின் பெரும்பகுதி பல்லை நம்பியே உயிர்வாழும் எலும்பு. வேரைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வில் இருந்துதான் இதற்கு ரத்தம் கணிசமாக வருகிறது. பல்லை எடுத்தால் சவ்வும் போய்விடும், எலும்பும் கரையத் தொடங்கும். டென்மார்க்கில் 46 பேரைப் பல் எடுத்தபின் ஓராண்டு கவனித்து 2003-ல் வெளியான ஆய்வில், அந்த இடத்தின் அகலம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதங்களிலேயே போய்விட்டது.

‘அதனாலதான் உடனே இம்ப்ளான்ட் வைக்கணும், இல்லைன்னா எலும்பு கரைஞ்சிடும்’ என்று சொல்லப்படுவதை நிறையப் பேர் கேட்டிருப்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். 1990-களில் மருத்துவர்கள் பலரும் இப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் பிரேசிலின் மவுரிசியோ அராவ்ஜோவும் ஸ்வீடனின் யான் லிண்டேயும் நாய்களிடம் செய்து 2005-ல் வெளியிட்ட ஆய்வுகள் அந்த நம்பிக்கையை உடைத்தன. இம்ப்ளான்ட் வைத்த குழியிலும் வெளிப்புறச் சுவர் கரைந்தது. திருகு உள்ளே இருப்பது எலும்பைத் தடுத்து நிறுத்தவில்லை. அவசரப்படுத்துவதற்காக இந்தக் காரணத்தை யாராவது சொன்னால், அது இருபது வருடங்களுக்கு முன்பே காலாவதியான வாதம்.

முன்பல்லில் இதன் விளைவு கொடுமையானது. வெளிச்சுவர் கரைந்தால் ஈறும் பின்னாலேயே மேலே ஏறும். பல் நீண்டு தெரியும். ஈறு மெல்லியதாக இருந்தால் உள்ளே இருக்கும் உலோகத்தின் சாம்பல் நிழல் தெரியும். இம்ப்ளான்ட் கெட்டியாக, ஆடாமல், ‘வெற்றி’யாகவே இருக்கும். ஆனால் சிரிக்கும்போது கை தானாக வாயை மறைக்கும். பின்னாளில் சரிசெய்யப் பார்த்தால் ஈறு ஒட்டுச் சிகிச்சை, சில சமயம் இம்ப்ளான்ட்டையே வெட்டி எடுத்து எலும்பை மறுபடி வளர்ப்பது என்று நீளும். அப்போதும் பழைய ஈறு விளிம்பு அப்படியே திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

இதைத் தவிர்க்கத் தேர்ந்த மருத்துவர்கள் சில காரியங்கள் செய்கிறார்கள். பல்லை ஆட்டி உடைத்து எடுக்காமல், வேரைச் சுற்றி மெல்ல நெகிழ்த்தி, சுவர் சேதமாகாமல் எடுப்பார்கள். திருகைக் குழியின் நட்டநடுவில் வைக்காமல் அண்ணப் பக்கமாகத் தள்ளி வைப்பார்கள். முன்னால் உருவாகும் இடைவெளியில் எலும்புத் துகள்களை நிரப்புவார்கள். ஈறு மெல்லியதாக இருந்தால் அண்ணத்திலிருந்து கொஞ்சம் திசு எடுத்து ஒட்டுவார்கள். வேரின் வெளிப்பக்கத் துண்டை மட்டும் வேண்டுமென்றே உள்ளேயே விட்டு, சவ்வையும் சுவரையும் காப்பாற்றும் முறையும் 2010-லிருந்து பேசப்படுகிறது. அது கை தேர்ந்தவர்களுக்கான வேலை. சரியாகப் பார்த்தால், ஒரே நாளில் முடிவது சுலபமான சிகிச்சை அல்ல. பல மருத்துவர்கள் இதை இம்ப்ளான்ட் வேலைகளிலேயே சிக்கலான வகையில்தான் வைக்கிறார்கள்.

திருகு எதைப் பிடித்துக்கொள்ளும்?

இன்னொரு சிக்கல், பிடிப்பு. வேர் இருந்த குழி கூம்பு மாதிரி, வாய்ப் பக்கம் அகலம். திருகு அதைவிட ஒல்லி. சுற்றிலும் காற்று இருந்தால் எதைப் பிடிக்கும்? அதனால் குழியின் அடியைத் தாண்டி இன்னும் சில மில்லிமீட்டர் புது எலும்புக்குள் துளையிட்டுத்தான் பிடிப்பைத் தேட வேண்டும். அங்கே எலும்பு இருக்கிறதா, மேலே சைனஸ் இருக்கிறதா, கீழே உதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு ஓடுகிறதா என்பதைச் சாதாரண எக்ஸ்ரே முழுதாகச் சொல்லாது. சிபிசிடி எனும் முப்பரிமாண ஸ்கேன் கேட்பது இதற்காகத்தான்.

திருகு இறுகும்போது எவ்வளவு விசை ஆகிறது என்பதைக் கருவியில் அளப்பார்கள். அன்றே தற்காலிகப் பல் மாட்ட வேண்டுமென்றால் 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவாவது வர வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. வரவில்லை என்றால் மூடி வைக்க வேண்டும். திருகு நிற்கவே இல்லை என்றால் எடுத்துவிட்டு, குழியை ஆற விட வேண்டும். கவனிக்க வேண்டியது இதுதான்: இந்த முடிவு, ஊசி போட்டு, பல்லை எடுத்து, குழியைப் பார்த்த பிறகுதான் தெரியும். முதல் நாள் வாட்ஸ்அப்பில் ‘கட்டாயம் ஒரே நாளில் முடிச்சிடலாம்’ என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது.

வைத்த உடனே இருக்கும் பிடிப்பும் அப்படியே நீடிக்காது. அது வெறும் இறுக்கம். பழைய எலும்பு கரைந்து புது எலும்பு வரும் இடைவெளியில், மூன்றாவது நான்காவது வாரம் வாக்கில் பிடிப்பு குறையும். ‘வலியே இல்லையே, நல்லாத்தானே இருக்கு’ என்று அந்தப் பக்கம் சிக்கன் கடிக்கத் தோன்றுவதும் அதே வாரங்களில்தான்.

எண்கள் என்ன சொல்கின்றன?

ஒற்றைப் பல் இம்ப்ளான்ட்டில் உடனடியாக வைப்பதையும் ஆறியபின் வைப்பதையும் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து, பெல்ஜிய ஆய்வாளர்கள் 2019-ல் ஒரு பகுப்பாய்வு வெளியிட்டார்கள். உடனடியாக வைத்தவற்றில் சுமார் 95 சதவீதம் நிலைத்தன. தாமதமாக வைத்தவற்றில் சுமார் 99 சதவீதம்.

95 சதவீதம் என்பது நல்ல எண்தான். ஆனால் இதையே திருப்பிப் படித்தால், ஒரு பக்கம் இருபதில் ஒன்று தோற்கிறது, இன்னொரு பக்கம் நூறில் ஒன்று. இவை ஆய்வுக்காக ஆட்களைப் பொறுக்கியெடுத்து, அனுபவசாலிகள் செய்த சிகிச்சைகள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இருபதில் ஒன்று என்ற ரிஸ்க்கை, ஓர் அறுவை சிகிச்சை குறைகிறதே என்பதற்காக ஒருவர் தெரிந்தே ஏற்கலாம். அது நியாயமான முடிவு. தெரியாமல் ஏற்பதுதான் பிரச்சினை.

யார் காத்திருப்பது நல்லது?

குழியில் புதிதாகச் சீழ் பிடித்து முகம் வீங்கியிருந்தால் அன்றைக்கு இம்ப்ளான்ட் வேண்டாம். நாள்பட்ட சின்ன கட்டி வேர் நுனியில் இருந்தால், முழுதாகச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு வைக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வெளிச்சுவர் ஏற்கெனவே உடைந்திருந்தாலும் தள்ளிப்போடுவதே பலருடைய தேர்வு.

சிகரெட் பெரிய எதிரி. ரத்த ஓட்டத்தைக் குறைத்து, ஈறு ஆறுவதையும் எலும்பு ஒட்டுவதையும் சேர்த்தே கெடுக்கிறது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் கூடாது என்பது தவறான நம்பிக்கை. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரைதான் சிக்கல். மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைக் கேட்காமல் நாள் குறிக்கிறார்கள் என்றால், நீங்களே கேளுங்கள். அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட், ஸோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் போன்ற மருந்துகள் எடுத்தவர்களுக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம், குறைவாக இருந்தாலும், உண்டு. வருடம் ஒரு ஊசிதானே என்று பலர் இதை மருந்துப் பட்டியலிலேயே சொல்வதில்லை. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடைவாய்ப் பல்லில் கணக்கே வேறு. அங்கே அழகு பெரிய விஷயமில்லை, ஆனால் இரண்டு மூன்று வேர்கள் இருந்த குழி மிகப் பெரியது, கடிக்கும் விசையும் அதிகம். வேர்களுக்கு நடுவே எலும்புத் திட்டு நன்றாக இருந்தால் அன்றே வைக்கலாம். அன்றே பல் மாட்டுவது அரிது. யாருக்கும் தெரியாத இடத்தில் மூன்று மாதம் ஓட்டை இருந்தால் குடி முழுகிவிடாது.

முன்பல் என்றாலும், காத்திருப்பது என்பது பொக்கையாகத் திரிவதல்ல. கழற்றி மாட்டும் மெல்லிய தற்காலிகப் பல், பக்கத்துப் பல்லின் பின்பக்கம் ஒட்டிவைக்கும் பல் என வழிகள் இருக்கின்றன. கல்யாண போட்டோவில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

‘3 நாளில் வாய் முழுக்க நிரந்தரப் பல்’ என்ற விளம்பரங்களை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே பல திருகுகளை ஒரே பாலமாகக் கட்டிவிடுவதால் அவை ஒன்றையொன்று தாங்கும். ஒற்றைப் பல்லுக்கு அந்தத் துணை கிடையாது. அங்கே 3 நாளில் முடிகிறது என்பதால் இங்கேயும் முடியும் என்று கணக்குப் போட முடியாது.

பேக்கேஜில் எழுதாத செலவு

இவ்வளவு ‘ஒரே நாள்’ விளம்பரம் ஏன் இப்போது? நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரே தெருவில் மூன்று கிளினிக். கொரிய நிறுவனங்களின் வரவால் சுவிஸ், ஸ்வீடன் பிராண்டுகளை மட்டும் நம்பியிருந்த நிலை மாறி, திருகின் விலையும் இறங்கியிருக்கிறது. விலையில் போட்டி போட்டுச் சலித்தபின் மிச்சமிருப்பது வேகம். வேகம் பார்த்துப் பழகிய வாடிக்கையாளரும் தயாராக இருக்கிறார்.

ஒரு பல்லுக்கு ஊரையும் பிராண்டையும் பொறுத்துச் சுமார் 20 ஆயிரத்தில் தொடங்கி 50 ஆயிரத்தைத் தாண்டியும் கேட்கிறார்கள். இதய ஸ்டென்ட்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் 2017-ல் மத்திய அரசு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது போல இதற்கு இல்லை. சாதாரண மெடிக்கல் இன்சூரன்ஸ் பாலிசிகள் விபத்து தவிர்த்த பல் சிகிச்சைகளைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. ஆக, பணம் பையிலிருந்துதான் போகும், அல்லது இ.எம்.ஐ.

பேக்கேஜின் ஆபத்தும் இங்கேதான். ‘ஒரே நாள்’ என்று மொத்தமாகப் பணம் கட்டியாயிற்று. குழியைத் திறந்து பார்த்தால் சுவர் உடைந்திருக்கிறது. நிறுத்துவதுதான் சரி. ஆனால் நிறுத்தினால் திருப்பித் தர வேண்டிய பணம், ரத்தாகும் நாள், நோயாளியின் ஏமாற்றம் என எல்லாமே மேலே தொடரச் சொல்லித் தள்ளும். எனவே பல்லை எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இன்னைக்கு வைக்க முடியலைன்னா என்ன செய்வீங்க, அப்போ எவ்வளவு ஆகும்?’ என்பது. எலும்புத் துகள், தற்காலிகப் பல், நிரந்தர கேப், தோற்றால் மறுபடி வைப்பது எல்லாம் தொகைக்குள் வருகிறதா, வெளியேவா? எழுதி வாங்கிக்கொள்வதில் வெட்கமில்லை. ‘குழியைப் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்’ என்று பதில் சொல்லும் மருத்துவரைத் தெளிவில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்தான் உண்மை பேசுகிறார்.

அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: இந்தப் பல்லை எடுத்தே ஆக வேண்டுமா? ரூட் கெனால், ஏற்கெனவே செய்த ரூட் கெனாலை மறுபடி செய்வது போன்றவற்றில் காப்பாற்றக்கூடிய பல்லும் ‘ஒரே நாள்’ சலுகையில் காணாமல் போகலாம். வேர் நெடுக்கில் பிளந்திருந்தால் பேச்சே இல்லை, எடுக்கத்தான் வேண்டும். மற்றபடி எடுத்த பல் திரும்பி வராது. அரசுப் பல் மருத்துவக் கல்லூரியிலோ, ரூட் கெனால் சிறப்பு மருத்துவரிடமோ இன்னொரு கருத்து கேட்க ஒரு நாள் போதும். வீக்கமோ காய்ச்சலோ இல்லாத பல்லுக்கு அந்த ஒரு நாளில் எதுவும் ஆகிவிடாது.

எல்லாம் முடிந்து வெளியே வரும்போது ஒரு சின்ன ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு இம்ப்ளான்ட் டப்பாவிலும் பிராண்ட் பெயர், அளவு, லாட் எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். சிகிச்சை அட்டையில் அதை ஒட்டித் தர வேண்டும். இணைப்புத் துண்டும் அதை இறுக்கும் ஸ்க்ரூடிரைவரும் பிராண்டுக்கு பிராண்ட் மாறும். நாலு வருடம் கழித்து பெங்களூரிலோ துபாயிலோ கேப் ஆட ஆரம்பித்தால், அங்கே இருக்கும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது ‘என்ன கம்பெனி?’ என்றுதான். போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அட்டை எப்படியும் தொலைந்துவிடும்.